ரத்தம் கம்மி என்று எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது? காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

போன ஆடியில் பள்ளத்தூர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்பத்தா வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கு நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தார். பிரித்தால் பச்சரிசி. "சும்மா வாய்க்குப் போட்டுக்கிறதுப்பா" என்றார். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சின்ன வயதில் எங்களை மிரட்டியதே அவர்தான்.

எழுபத்திரண்டு வயது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். குளுக்கோஸ் மூன்று பாட்டில் ஏற்றினார்கள். சத்து டானிக், புரோட்டீன் பவுடர் டப்பா என்று மூன்று மாதத்தில் 6,200 ரூபாய் போயிற்று. அதுவரை ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஐப்பசியில் நானே லேபுக்குக் கூட்டிப் போனபோது ஹீமோகுளோபின் 7.6. காரணத்தைக் காட்டிக் கொடுத்த மூன்று ரத்தப் பரிசோதனைக்கும் சேர்த்து ஆனது 2,000 ரூபாய்.

வரிசை தெரியாததால் வந்த வினை. இப்போது தெரிந்த வரிசையை எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பெரியவர்கள் நம் பக்கம் நிறைய. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இது உங்களுக்குத்தான்.

நான் மருத்துவர் இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயங்கி விழுந்தார், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

1. மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள்

"நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை பொய்யும் இல்லை. ஒரு நோட்டில் நேரம் போட்டு, வாய்க்குள் போவதை எல்லாம் எழுதுங்கள். காபியை விட்டுவிடாதீர்கள்; அதுதான் முக்கியம். அப்பத்தாவின் ஒரு நாள் இப்படி இருந்தது:

காலை 5.30 காபி. 8 மணிக்கு இட்லி மூன்று, சட்னி, காபி. 11 மணிக்குத் தேன்குழல் இரண்டு, மறுபடி காபி. 1.30-க்குச் சோறு, ரசம், தயிர், நார்த்தங்காய் ஊறுகாய். 4 மணிக்கு மாவுருண்டை ஒன்று, காபி. இரவு இட்லி இரண்டு, தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி.

ஆறு வேளை வாய்க்குப் போகிறது. வயிறு காயவே இல்லை. ஆனால் மூன்று நாள் நோட்டில் கீரை ஒரு தடவைகூட இல்லை. பருப்பு என்று சொல்ல இட்லியில் இருக்கும் உளுந்தும் தேன்குழல், மாவுருண்டையில் இருக்கும் கொஞ்சமும்தான். முட்டை, பழம் கிடையாது. ஐயா (அப்பத்தாவின் கணவர்) போனதிலிருந்து கவுச்சியும் நிறுத்தியாயிற்று. விருந்து வந்தால் இதே அடுப்படியில் கோலா உருண்டையும் மண்டியும் பால் பணியாரமும் அணிவகுக்கும். தனக்கென்று வரும்போது "எனக்கென்னப்பா, ரெண்டு இட்டிலி போதும்."

இந்த நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "சாப்பாடெல்லாம் எப்படி?" என்ற கேள்விக்குப் பெரியவர்கள் சொல்லும் பதிலைவிட இது பத்து மடங்கு உபயோகம். எழுதும்போதே அவர் போடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய மூட்டுவலி மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கதையே அதில்தான் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

2. உடம்பு சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்

பெயர் வைப்பது மருத்துவர் வேலை. பார்த்ததைச் சொல்வது உங்கள் வேலை. கீழ் இமையை மெல்ல இழுத்தால் உட்புறம் வெளுத்திருக்கிறதா, நகம் கரண்டி மாதிரி குழிந்திருக்கிறதா, அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ் என்று எதையாவது தின்னத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இவை இரும்புச் சத்துக் குறைவில் வருபவை. நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது, பாதத்தில் மரமரப்பு, கண்ணை மூடினால் தள்ளாட்டம், மறதி ஆகியவை வைட்டமின் பி12 குறைவில் வரலாம். இருட்டில் கண் தெரியாத மாலைக்கண் வைட்டமின் ஏ குறைவாலும், ஈறில் ரத்தம் கசிந்து காயம் ஆறாமல் இருப்பது வைட்டமின் சி குறைவாலும், கழுத்தில் வீக்கம் அயோடின் குறைவாலும் வரக்கூடும். எலும்பு வலியும் படியேற முடியாத தொடைச் சோர்வும் இருந்தால் வைட்டமின் டி-யையும் பார்ப்பார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் மரமரப்பு என்றால் உடனே "சுகர் நரம்பைத் தின்னுது" என்று முடித்துவிடுவோம். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டாலே பி12 குறையலாம். அப்பத்தா பதினான்கு வருடமாகப் போடுகிறார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும்.

3. கையில் என்னென்ன காகிதம்

அரசு மருத்துவமனைக்கு ஆதார் நகல், குடும்ப அட்டை (ஸ்மார்ட் கார்டு), பழைய சீட்டுகள், மாத்திரைப் பை, சாப்பாட்டு நோட்டு. புறநோயாளி சீட்டுக்குக் காசு இல்லை. ஆதாரில் ஒரு பிறந்த தேதியும் பழைய சீட்டில் ஒரு வயதும் இருந்தால் பிறகு ரிப்போர்ட்டைச் சேர்ப்பதில் குழப்பம் வரும். முதல் நாளே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை (இன்னும் கலைஞர் காப்பீடு என்றுதான் நம் பக்கம் சொல்கிறோம்) இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி லேபுக்குப் போகாதீர்கள். அது மருத்துவமனையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கு. வெளியே எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் உதவாது. நான் அட்டையை நீட்டி, கவுண்டரில் இருந்த பெண் சிரித்து, அரை மணி நேரம் வீண். அட்டை இல்லாதவர்கள் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் போன பிறகு அலையாமல், நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

4. எங்கே போவது, எப்போது

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். ஹீமோகுளோபின் அங்கேயே இலவசமாகப் பார்ப்பார்கள். முழு ரத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் காரைக்குடி அரசு மருத்துவமனை போன்ற பெரிய இடம். காலை எட்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். பத்தரைக்குப் போனால் மருத்துவரைப் பார்ப்பதற்கே பன்னிரண்டாகும், ரத்தம் கொடுக்க மறுநாள் வரச் சொல்வார்கள். திங்கட்கிழமையும் தொடர் விடுமுறைக்கு அடுத்த நாளும் போகவே போகாதீர்கள்.

தனியாரிடம் போவதானால் பொது மருத்துவர் போதும். முதல் கேள்வியாக நீங்களே கேளுங்கள்: "டாக்டர், டானிக்குக்கு முன்னாடி ரத்தம் பாத்துரலாமா?" கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு விலைதான் 6,200.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது தண்ணீரும் சர்க்கரையும், சிலதில் உப்பும். இரும்பு கிடையாது. ஏற்றிய அன்று தெம்பாக இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு அதுவும் வம்பு.

5. எந்தப் பரிசோதனை, எந்த வரிசை, எவ்வளவு

நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்; லேபுக்கு லேப் மாறும்.

முதலில் முழு ரத்த எண்ணிக்கை. சீட்டில் சி.பி.சி. என்று இருக்கும். 300 ரூபாய், இரண்டு மணி நேரத்தில் ரிப்போர்ட். இதில் ஹீமோகுளோபின் மட்டுமல்ல, சிவப்பணுவின் சராசரி அளவு (எம்.சி.வி.), அளவுகளில் உள்ள ஏற்றத்தாழ்வு (ஆர்.டி.டபிள்யூ.) எல்லாம் வரும். விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் குறைவு என்று தெரியும், எதனால் என்று தெரியாது.

அடுத்து ஃபெரிட்டின், 750 ரூபாய். உடம்பின் இரும்புக் கையிருப்பு இது. ஹீமோகுளோபின் கையில் புழங்கும் காசு என்றால் ஃபெரிட்டின் பெட்டகத்தில் இருப்பது. பெட்டகம் காலியான பிறகுதான் கைக்காசு குறையும். அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருப்பவர்கள் உண்டு.

மூன்றாவது பி12, 950 ரூபாய். இதுவும் ஃபெரிட்டினும் வெளியூர் லேபுக்குப் போய் வந்ததால் ஒன்றரை நாள் ஆயிற்று. வைட்டமின் டி-யும் எடுக்கச் சொன்னார்கள், 1,400 ரூபாய். அதை அவசரமில்லை என்று மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப்போட்டேன்.

"மாஸ்டர் செக்கப், 72 டெஸ்ட், 2,999 மட்டும்" என்று பேனர் வைத்திருப்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபெரிட்டினும் பி12-ம் அதில் இருக்கிறதா என்று பட்டியலை வாங்கிப் படியுங்கள். நான் விசாரித்த ஒன்றில் இரண்டுமே இல்லை.

இந்த மூன்றுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்த்தால்தான் தேவை. எழுபது வயதுக்காரரைப் பட்டினியாகப் பன்னிரண்டு மணி வரை உட்கார வைக்காதீர்கள்.

இனி மூன்று பொறிகள். ஒன்று, சத்து ஊசி. தேவகோட்டையில் சித்தப்பா ஒருவருக்குக் கால் மரமரப்புக்கு பி-காம்ப்ளக்ஸ் ஊசி போட்டுவிட்டு, அடுத்த வாரம் பி12 சோதித்தார்கள். ரிப்போர்ட்டில் உச்சத்தில் நின்றது. ஊசியில் இருந்ததைத்தான் லேப் அளந்திருக்கிறது. "எல்லாம் நார்மல்" என்று ஒரு வருடம் ஓட்டினார். ரத்தம் முதலில், ஊசி பிறகு. இரண்டு, காய்ச்சல். உடம்பில் கிருமியோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும். சளி, காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து எடுங்கள். மூன்று, சிலர் ஃபெரிட்டினுக்குப் பதில் சீரம் அயன் மட்டும் எழுதுவார்கள். முந்தின நாள் இரும்பு மாத்திரை போட்டிருந்தாலே அது ஏறிவிடும். தனியாக அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

6. ரிப்போர்ட்டைப் படிப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 (நடு மூன்று மாதத்தில் 10.5) கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆணுக்கும் கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கும் 8-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் கடுமையானது. "பொம்பளைன்னா பத்து இருந்தாப் போதும்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். போதாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஊரே அப்படி இருப்பதால்தான் பத்து என்பது சாதாரணமாகத் தெரிகிறது.

எம்.சி.வி. 80-க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறியவை; பெரும்பாலும் இரும்புக் குறைவு, சில சமயம் பரம்பரையாக வரும் தலசீமியா. 100-க்கு மேலே என்றால் பெரியவை. பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவைத் தேடுவார்கள். அப்பத்தாவுக்கு 84. லேபில் இருந்தவர் "சைஸ் நார்மல்தான்" என்றார். இரும்புக் குறைவு அணுவைச் சிறிதாக்குகிறது, பி12 குறைவு பெரிதாக்குகிறது, இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் சராசரி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது காட்டிக் கொடுப்பது ஆர்.டி.டபிள்யூ. பல லேப்களில் பதினைந்துக்குள் இருக்க வேண்டியது அப்பத்தாவுக்கு 21. பிறகு வந்த ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 9, பி12 148. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு உறுதி. 30-க்குக் கீழேயே பல மருத்துவர்கள் சிகிச்சை தொடங்கிவிடுவார்கள். பி12 200-க்குக் கீழே என்றால் குறைவு.

7. இரும்பு எங்கே போகிறது என்று கேளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, வயதுவந்த எந்த ஆணுக்கோ இரும்பு குறைந்தால் சாப்பாட்டின் மேல் மட்டும் பழி போடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். புண், மூலம், சில சமயம் புற்றுநோய்.

மாத்திரைப் பையைக் கொட்டியபோது அதில் டைக்ளோஃபெனாக் அட்டை மூன்று இருந்தது. முழங்கால் வலிக்கு அப்பத்தா இரண்டு வருடமாக மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு நான்கைந்து, அதுவும் வெறும் காபியோடு. மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்ற சோதனை 150 ரூபாய். இருந்தது. எண்டோஸ்கோப்பி தனியாரில் 2,500-லிருந்து 3,000 வரை கேட்டார்கள். மருத்துவக் கல்லூரி அளவிலான அரசு மருத்துவமனையில் காசில்லை, ஒன்பது நாள் காத்திருந்தோம். இரைப்பையில் புண். வலி மாத்திரையை நிறுத்தி எட்டு வாரம் புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் தட்டில் பாதிக் காரணம், வயிற்றில் பாதிக் காரணம். டானிக்கையே குடித்துக்கொண்டிருந்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

8. மாத்திரை போடும் முறை

மாத்திரை எளிது, போடும் நேரம்தான் கஷ்டம்.

அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் மாத்திரையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம்தான். அரசு தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையில் 60. மருத்துவர் எழுதுவது இந்த உண்மையான அளவை மனத்தில் வைத்துத்தான். அரசு மருத்துவமனையில் இலவசம். வெளியே வாங்கினால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு. விலை அதிகமான டானிக்கில் இரும்பு அதிகம் என்று அர்த்தம் இல்லை.

காபி, டீ குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போடுங்கள். அதிலுள்ள பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். சுண்ணாம்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி. தைராய்டு மாத்திரை போடுபவர் என்றால் நான்கு மணி நேரம். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். அதனால் அப்பத்தாவின் பதினொரு மணிக் காபியை நிறுத்தி, அந்த நேரத்துக்குச் சீனி போடாத எலுமிச்சைத் தண்ணீரும் மாத்திரையும் என்று வைத்தோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "பன்னெண்டரைக்காவது ஒரு வாய் காபி குடுப்பியா, மாட்டியா?" என்று சமரசத்துக்கு வந்தார். கொடுத்தோம்.

மலம் கறுப்பாகப் போகும். இரும்பு மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றம் அடித்தால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். மலச்சிக்கல், குமட்டல் இருந்தால் நிறுத்திவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. பல மருத்துவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் மாத்திரையைப் பீரோவுக்குள் வையுங்கள். மிட்டாய் மாதிரி இருக்கும் இந்த மாத்திரை சின்னக் குழந்தைக்கு விஷம்.

பி12 குறைவும் சேர்ந்திருந்தால் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது. ரத்தம் ஏறிவிட்டது போலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். அப்பத்தாவுக்கு 1,000 மைக்ரோகிராம் ஊசி முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டொரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. ஊசிக்குப் பயந்தவர்களுக்கு அதே அளவில் தினசரி மாத்திரையும் உண்டு.

9. தட்டை மாற்றுவது

இங்கேதான் எல்லோரும் "முருங்கைக்கீரை சாப்பிடு, சரியாயிரும்" என்பார்கள். சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்பு ஐந்து மில்லிகிராமைத் தாண்டாது, அதிலும் உடம்பில் சேர்வது சிறு பங்குதான். 7.6-ல் இருப்பவரைக் கீரையால் மேலே தூக்க முடியாது. மாத்திரை தூக்கிவிடும், திரும்ப விழாமல் சாப்பாடு பார்த்துக்கொள்ளும். பேரீச்சம்பழமும் அப்படித்தான். அப்பத்தா மாதிரி சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வேறு தொல்லை.

கவுச்சி சாப்பிடுபவர்களுக்கு வழி சுலபம். ஆட்டின் சுவரொட்டியை (மண்ணீரல்) நம் ஊர்க்காரர்கள் சும்மா தேடி வாங்கவில்லை. சுவரொட்டியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாகச் சேரும். கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும், காலை ஏழு மணிக்கு மேல் போனால் இல்லை. ஈரலைக் கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

அப்பத்தா கவுச்சிக்குத் திரும்ப மாட்டார் என்று தெரியும். முட்டைக்கு மட்டும் ஒரு மாதம் மல்லுக்கட்டி, "மருந்து" என்ற பெயரில் சம்மதம் வாங்கினோம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், கொஞ்சம் பி12-ம் உண்டு. 700 ரூபாய் பவுடர் டப்பாவின் காசுக்கு மூன்று மாதம் தினம் ஒரு முட்டை வாங்கலாம். முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு பி12 பெரும்பாலும் பாலிலும் தயிரிலும்தான் கிடைக்கும், அதுவும் போதாமல் போகலாம். பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஊசியை நிறுத்திவிடாதீர்கள். பழைய சோறு ருசிக்கு.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பதினொரு மணித் தேன்குழல் போய்க் கொண்டைக்கடலை, தட்டைப்பயறுச் சுண்டல் வந்தது, மேலே எலுமிச்சை பிழிந்து. பயற்றை இரவே ஊறப்போட்டு முளைகட்டினால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். மதியம் ரசத்துக்கு முன்னால் ஒரு கரண்டி கீரையோ பருப்போ கட்டாயம். மாலை மாவுருண்டைக்குப் பதில் கொய்யா ஒன்று. ஒரு நடுத்தரக் கொய்யாவிலேயே ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி-க்கு மேலே இருக்கும். மண்டி வைக்கும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். அரிசி களைந்த தண்ணீரில் கரைந்து போகும் சத்தைக் குழம்பிலேயே பிடித்துக்கொள்ளும் சமையல் அது. புதுவயல் ஆலையில் அரிசி எடுக்கும்போது ரொம்ப வெள்ளையாகத் தீட்டாத புழுங்கலாகப் பார்த்து எடுங்கள். புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கும், பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும்.

அளவு வேண்டுமென்றால், ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி 2,000 கலோரி சாப்பாட்டில் தானியம் சுமார் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்போ முட்டையோ மாமிசமோ 85 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி என்கிறது. அப்பத்தா நோட்டில் தானியம் மட்டும்தான் தேறியது. ஊறுகாய், வற்றல், அப்பளத்தின் உப்புக் கணக்கு தனிக் கதை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராம்.

10. ரேஷன் அரிசியில் வித்தியாசமான மணிகள்

கொஞ்சம் மஞ்சளாக, தண்ணீரில் மிதக்கிற மாதிரி சில மணிகள் இருக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்துகொண்டிருந்தோம். அது செறிவூட்டிய அரிசி: இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மாவிலேயே செய்து, நூற்றுக்கு ஒன்று என்று கலந்தது. எறிய வேண்டாம். தலசீமியா உள்ள வீட்டார் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

11. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால்

கர்ப்பம் தெரிந்ததும், பன்னிரண்டு வாரத்துக்குள், கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கே பிறகு அந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய்: ரொக்கம் 14,000 தவணைகளாக, மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரிலேயே, ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும். கணவர் கணக்கைக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்பு மாத்திரை 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள்.

குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு வாங்குங்கள். வாங்கி மாட்டுக்கு வைக்காதீர்கள். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ சொட்டையும், ஒரு வயதிலிருந்து தரும் பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக் குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான சத்துக்குறைவு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

12. காலண்டரில் குறிக்க வேண்டிய தேதிகள்

மாத்திரை தொடங்கிய நான்காம் வாரம் ஒரு சி.பி.சி. குறைந்தது ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையைச் சரியாகப் போடவில்லை, அல்லது கசிவு நிற்கவில்லை, அல்லது நோயே வேறு. அளவுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும், பெட்டகம் நிரம்ப. எல்லோரும் சறுக்கும் இடம் இது. முகம் தெளிந்ததும் நிறுத்திவிடுவார்கள், ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே வருவார்கள். முடிவில் ஃபெரிட்டின் ஒன்று. மெட்ஃபார்மின் போடுபவர்கள் வருடம் ஒருமுறை பி12 பார்த்துக்கொள்ளலாம். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே லேபில் எடுத்து, ஒரே கோப்பில், பழையது அடியில் புதியது மேலே என்று வையுங்கள்.

அப்பத்தாவின் கோப்பில் இருப்பது: ஐப்பசி 7.6, கார்த்திகை 9.1, மார்கழிக் கடைசி 10.6, மாசி 12.1. முந்தானை அரிசி மூன்றாவது வாரமே போய்விட்டது. நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இடது பாதத்தில் மட்டும் மரமரப்பு கொஞ்சம் நிற்கிறது. மாத்திரை வைகாசி வரைக்கும் உண்டு. அடுத்த ஊசி வருகிற வெள்ளிக்கிழமை.